மென்னோவும் சிவப்புத் தாழும்

எங்கள் தெருவில் மென்னோ டிர்க்ஸ் எந்தப் பக்கம் போயிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டாம். அவன் வீட்டு கேட் சாத்தாமல் கிடந்தால் ஆள் கிளம்பிவிட்டான். பேக்கரிக் கதவு ஒரு சாண் திறந்து குளிர்காற்று உள்ளே அடித்தால் ரொட்டி வாங்கிவிட்டான். அப்படியே பார்த்துக்கொண்டு போனால் கால்வாய்க் கரையில் நின்றுகொண்டிருப்பான். ஜாக்கெட்டின் ஜிப் நெஞ்சுவரை ஏறி, அதற்கு மேல் போக மனமில்லாமல் அங்கேயே நின்றிருக்கும்.

கெட்டவன் இல்லை. சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. எந்த வேலையையும் ஆசையாகத் தொடங்குவான், முக்கால்வாசி வரை ஒழுங்காகச் செய்வான். அதற்குப் பிறகு இது போதுமே என்று அவனுக்குத் தோன்றிவிடும். அவன் படகு இந்தக் கரையிலிருந்து பார்த்தால் பச்சை, அந்தக் கரையிலிருந்து பார்த்தால் வெறும் பலகை. கார் ஷெட்டின் கூரையில் பாதி ஓடு, பாதி நீலத் தார்ப்பாய். எப்போது முடிப்பாய் என்று கேட்டால் "பாப்போம்" என்பான். அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் ஒருநாளும் பாதியில் விட்டதில்லை.

என் சித்தி மகள் ஸ்வான்ட்யேவுக்கும் அவன் வைத்திருந்த பதில் அதுதான். பதினான்கு வருடத்துக்கு முன், பனிக்காலத்தில் ஊரே சேர்ந்து சாலையில் பந்து உருட்டிக்கொண்டு நடந்துபோய், கடைசியில் சத்திரத்தில் கீரையும் சாசேஜும் தின்றோமே, அன்றைக்குத் தொடங்கிய கதை. அந்த வருடம் அதிகமாகத் தின்றவன் அவன்தான் என்று அவனைக் கீரை ராஜா ஆக்கி, கழுத்தில் பன்றித் தாடை எலும்பைக் கட்டித் தொங்கவிட்டோம். அந்தக் கோலத்தோடு ஸ்வான்ட்யே பக்கத்தில் போய் நின்று, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா" என்றான். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு "சரி" என்றாள். மீதி வாக்கியம் வரவே இல்லை.

அன்றிலிருந்து ஊர்க்கணக்கில் அவர்கள் நிச்சயம் ஆனவர்கள். அவன் வீட்டில் அவன், மூன்று தெரு தள்ளி அவள் வீட்டில் அவள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவன் அவள் வீட்டுக்கு டீ குடிக்க வருவான். நானும் போவேன். யாராவது பேச வேண்டாமா?

எங்கள் பக்கத்தில் கோப்பையில் முதலில் கற்கண்டு, அதன்மேல் சூடாக டீ, பிறகு ஓரமாகப் பாலாடை. கலக்கக் கூடாது. கலக்குகிறவரை ஊருக்குப் புதியவர் என்று மன்னித்துவிடுவோம். அப்படியானால் கரண்டி எதற்கு என்றால், போதும் என்று சொல்வதற்கு. விருந்தாளி கரண்டியைக் கோப்பைக்குள் போடும்வரை வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கோப்பை குடிப்பது மரியாதை. முதல் கோப்பையிலேயே கரண்டி விழுந்தால் உள்ளே ஏதோ கோபம் என்று அர்த்தம். நான் மூன்று கோப்பை முடிக்காமல் எந்த வீட்டிலிருந்தும் எழுந்ததில்லை, என் பரம எதிரி வீட்டிலிருந்துகூட.

மென்னோ கரண்டியே போடமாட்டான். கோபமும் இல்லை, ஆசையும் இல்லை, மறந்துவிடுவான். ஸ்வான்ட்யே ஊற்றுவாள், அவன் குடிப்பான். டீக்கெண்டி காலியானால்தான் அவன் எழுந்து போவான். போகும்போது கதவு ஒரு சாண் திறந்தே கிடக்கும். அவள் போய்ச் சாத்திவிட்டு வந்து கோப்பைகளைக் கழுவுவாள். வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வேலையிலும் அவன் முகத்தில்தான் நான் விழித்தாக வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் கார் இருக்கைகள் செய்கிறோம். எங்கள் நாட்டில் டிரைவர் உட்காரும் இடது இருக்கைகள் அவன் பக்கம், வலது இருக்கைகள் என் பக்கம், நடுவில் ஓயாமல் நகரும் பட்டை. ஒவ்வோர் இருக்கைக்கும் அடியில் ஒயர்கள் தொங்கும். சூடேற்றுவதற்கு ஒன்று, பெல்ட்டுக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் நுனியில் பிளக். பிளக்கின் ஒரு பாதியை மறுபாதிக்குள் தள்ள வேண்டும், க்ளிக் என்று சத்தம் கேட்க வேண்டும், பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேள், இழு என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியே வைத்திருக்கிறார்கள். மென்னோ தள்ளுவான். அதோடு சரி.

இதில் கேடு என்னவென்றால், முக்கால்வாசி தள்ளினாலே உள்ளே கம்பியோடு கம்பி தொட்டுவிடும். மின்சாரம் ஓடும், சோதனைப் பலகையில் பச்சை விளக்கு எரியும். எல்லாம் சரி என்றுதான் இருக்கை வாசல் தாண்டிப் போகும். யாரோ ஒருவர் அந்தக் காரில் ஏறி, கல் பாவிய தெருவில் இரண்டு குலுக்கு குலுங்கிய பிறகுதான் பிளக் கழன்றுகொள்ளும். போன பனிக்காலத்தில் புகார் மேல் புகார். வந்ததெல்லாம் இடது இருக்கைகள். மேற்பார்வையாளர் ஹப்போ எங்கள் இடத்துக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொன்னான்.

"மென்னோ, நாடு முழுக்க டிரைவருங்களுக்கு மட்டும் முதுகு குளிருதாம்."

மென்னோ கொஞ்சம் யோசித்தான். "பனிக்காலமாச்சே" என்றான்.

அதற்குப் பிறகுதான் புது பிளக்குகள் வந்தன. பார்க்க பழையது மாதிரியே இருக்கும், ஆனால் முதுகில் நகத்தளவு ஒரு சிவப்புத் தாழ் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளக் முழுதாக உட்கார்ந்து க்ளிக் என்றால்தான் அந்தத் தாழைக் கட்டைவிரலால் உள்ளே தள்ள முடியும். ஒருமுறை உள்ளே போய்விட்டால் குலுக்கினாலும் உதறினாலும் பிளக் கழலாது. ஒரு மயிரிழை குறைந்தாலும் தாழ் நகராது. கெஞ்சினாலும் நகராது. தாழ் உள்ளே போயிருக்கிறதா என்று மேலே ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், போகாவிட்டால் பட்டையை நிறுத்திவிடும். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ எனக்குத் தெரியாது, ஆனால் அவர் மென்னோவோடு வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பட்டை நின்றால் ஒரு மெட்டு ஒலிக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மெட்டு. மென்னோவின் இடத்துக்கு வாய்த்தது ஒரு தாலாட்டு. முதல் வாரம் தொழிற்சாலையே தூங்காதது ஆச்சரியம். அவன் தள்ளுவான், தாழ் மறுக்கும், தாலாட்டு தொடங்கும். உள்ளங்கையால் குத்திப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், திருப்புளியை எடுத்தான். திருப்புளியை ஹப்போ பிடுங்கிக்கொண்டான். நாங்கள் ஆளுக்கொரு கோப்பை டீயோடு வேடிக்கை பார்த்தோம்.

"நல்லாத்தான மாட்டியிருக்கேன், இதுக்கு என்ன வந்துச்சு?" என்றான் என்னிடம்.

"அது உன்ன மாதிரி இல்ல, அதான்" என்றேன்.

ரோஷம் வந்துவிட்டது. கழித்துப் போட்ட பிளக் ஒன்றை ஹப்போவிடம் கேட்டு வாங்கி ஜேபியில் போட்டுக்கொண்டான். போகும்போதும் வரும்போதும் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். கடைசியில் கட்டைவிரலுக்குப் பிடிபட்டுவிட்டது. தாலாட்டு நின்றது. இடது இருக்கைகள் திரும்பி வருவதும் நின்றது. மனுஷன் பத்து நாளில் திருந்தியது ஒரு பிளக் விஷயத்தில் மட்டும்தான் என்று அப்போது நினைத்தேன்.

அந்த பிளக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வான்ட்யே வீட்டு மேசைமேல் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அவள் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"முழுசா சேரலன்னா இது உள்ள போவாதா?"

"போவாது."

"முக்கால்வாசி சேந்திருந்தா?"

"அப்பவும் போவாது."

"எத்தன வருஷம் அழுத்திப் பிடிச்சிட்டிருந்தாலும்?"

"எத்தன வருஷமானாலும்" என்றான் மென்னோ, பெருமையோடு. அவள் பிளக்கை மேசைமேல் வைத்துவிட்டு அவனுக்கு அடுத்த கோப்பை ஊற்றினாள். அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அவன் கற்கண்டு கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் தீவிலிருந்து அழைப்பு வந்தது. பல்ட்ரும் தீவில் ஒரு சத்திரம், சமையலுக்குப் பொறுப்பான ஆள் வேண்டும், மாடியில் இரண்டு அறை வீடும் உண்டு. ஸ்வான்ட்யே பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகள் ஒதுக்கிவைக்கும் காரட்டை அவித்துக் களைத்துப்போனவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கடலோரம் போய் இருக்க ஆசை. மென்னோவிடம் சொன்னாள். நீயும் வருகிறாயா என்று நேராகவே கேட்டாள். எங்கள் ஊர்ப் பெண் அப்படி நேராகக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. அவன் "பாப்போம்" என்றான். மூன்று வாரம் அவள் காத்திருந்தாள். பிறகு சத்திரத்துக்காரியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு காலைப் படகு என்று முடிவாயிற்று. அதை மென்னோவிடம் அவள் சொல்லவில்லை. கரண்டியால் சொன்னாள்.

படகுக்கு முந்தின ஞாயிறு அவன் பிறந்தநாள், அவன் வீட்டில் டீ. நான், ஸ்வான்ட்யே, பக்கத்து வீட்டு ஃப்ரெர்க், அவன் மனைவி. அங்கே மென்னோதான் வீட்டுக்காரன், அதனால் அவன்தான் ஊற்ற வேண்டும். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றுக்கு அவன் கெண்டியைத் தூக்கியபோது ஸ்வான்ட்யே தன் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டாள். சத்தம் வரக்கூடாது என்றுதான் போட்டாள், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. ஃப்ரெர்க் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவை இருப்பதுபோலப் பார்த்தான். மென்னோ கெண்டியைத் தூக்கிய கையோடு நின்றான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி வணக்கத்துக்கு "மொயின்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை பட்டை நகரத் தொடங்கியதும் நான் விடவில்லை. அவள் ஞாயிறு காலை போகிறாள், பிறகு வரமாட்டாள், போவது அவள் மட்டும் என்று சொன்னேன்.

"கரண்டியப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"என்ன பண்ணப் போற?"

வாயைத் திறந்தான். என்ன வரப்போகிறது என்று தெரிந்ததும் சொன்னேன், "அந்த வார்த்த மட்டும் வெளிய வந்துச்சு, இந்த சீட்டத் தூக்கி உன் தலையில போட்டுருவேன்." அவன் வாயை மூடிக்கொண்டு அடுத்த பிளக்கை எடுத்தான். தள்ளினான், கேட்டான், தாழைத் தள்ளினான். பிறகு இழுத்துப் பார்த்தான். தாழ் போட்ட பிறகு இழுத்துப் பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் இழுத்துப் பார்த்தான்.

அந்த வாரம் தெருவுக்கே கலவரம். செவ்வாய்க்கிழமை படகின் மறுபக்கம் பச்சை ஆயிற்று. அடுத்த நாள் தார்ப்பாய் இறங்கி ஓடு ஏறிற்று. கேட் சாத்தியிருந்தது, கொக்கியும் போட்டிருந்தது. ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது, பார்க்கவே ஆள் வேறு யாரோ மாதிரி இருந்தான். வீட்டை விற்கப்போகிறானா, இல்லை டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரா என்று ஃப்ரெர்க் என்னைக் கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் ஏணிமேல் ஏறி நின்றால் என்ன செய்வது? கீழே நின்று கத்தினேன்.

"அவ அங்க பெட்டி கட்டிட்டிருக்கா, நீ இங்க ஓடு மாத்திட்டிருக்க."

"எல்லாம் முடியணும் அல்முத். பாதியில ஏதாச்சும் நின்னா தாழ் போவாது" என்றான் மேலேயிருந்து. பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ஸ்வான்ட்யே வீட்டில் தரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளில் தட்டுகளைச் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேசைமேல் கெண்டியும் மூன்று கோப்பைகளும் மட்டும் மிச்சம். அவை கடைசியில் போகட்டும் என்று அவள் சொன்னாள். அவன் வருவானா என்று அவள் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. ஆனால் தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் கை நின்றது.

மூன்று மணிக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறவன், அவனாகவே ஒருநாள் முன்னால் வந்திருந்தான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். ஸ்வான்ட்யே கற்கண்டு போட்டு ஊற்றினாள். குடித்தான். இரண்டாவது ஊற்றினாள், குடித்தான். மூன்றாவதும் குடித்தான். நாலாவதுக்கு அவள் கெண்டியைச் சாய்த்தபோது மென்னோ தன் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டான்.

பதினான்கு வருடத்தில் முதல்முறை.

ஸ்வான்ட்யேவின் முகம் சுவர் மாதிரி வெளுத்துப்போயிற்று. கெண்டியை மெதுவாக, டீ ஆறாமல் இருக்க அடியில் சின்ன விளக்கு எரியும் மேடைமேல் வைத்தாள். என் கையிலிருந்த தட்டை அவன் மண்டையில் போடலாமா என்று நினைத்தேன். ஒரு வார்த்தை முழுதாகப் பேசாதவன், கடைசி நாளில் வந்து இதை மட்டுமா முழுதாகச் செய்ய வேண்டும்?

"சரி. இன்னிக்காவது சொன்னியே" என்று சொல்லி அவள் கோப்பையைக் கழுவ எடுக்கப் போனாள். மென்னோ கோப்பையின்மேல் கையை வைத்து மறித்தான். அவள் ஏன் அப்படி வெளுத்தாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவன் முகமும் வெளுத்தது.

"இல்ல, இது அந்தப் போதும் இல்ல."

"வேற எந்தப் போதும்?"

"விருந்தாளியா வந்து குடிச்சது போதும்னு வெச்சேன்."

ஸ்வான்ட்யே நின்றபடியே இருந்தாள்.

"எனக்கு நாளைக்குக் காலையில படகு" என்றாள்.

"எனக்கும்தான். ஹப்போகிட்ட சொல்லிட்டேன். மிச்சம் இருக்கிற லீவ எடுத்துக்கிட்டு அப்படியே வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டான்."

ஹப்போ அந்த வாரம் முழுக்க என்னிடம் வானிலை பேசிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. அவனைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன்.

"தீவுல காரே கிடையாது. எந்த சீட்டுக்கு பிளக் மாட்டுவ?" என்றாள் ஸ்வான்ட்யே.

"சத்திரத்துக்குப் போன் பண்ணேன். அங்க ஒரு கதவுகூட ஒழுங்கா சாத்த மாட்டேங்குதாம். கடல்காத்துக்கு எல்லாம் ஆடிட்டே இருக்குதாம். வந்து பாருன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. மென்னோ எழுந்து நின்றான். ஜிப்பைக் கழுத்துவரை சரிபார்த்துக்கொண்டான்.

"நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா" என்றான். நிறுத்தினான். நான் தட்டைப் பிடித்த பிடியில் அது உடையாதது என் பாக்கியம். "எனக்கு முடிக்க வேற எதுவும் மிச்சம் இல்ல."

ஸ்வான்ட்யே வாயைப் பொத்திக்கொண்டாள். "ம்" என்றாள்.

"ம்னா?"

"சரின்னு அர்த்தம்."

"நெசமாவா?"

"சொன்னேனே. காது கேக்கலையா?"

"கேட்டுச்சு. இழுத்துப் பாக்குறேன்."

அவள் சிரிக்கவும் தொடங்கினாள், அழவும் தொடங்கினாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் அவன் கோப்பையிலிருந்து கரண்டியை எடுத்து, துடைத்து, தட்டில் வைத்தாள். பிறகு கெண்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"விருந்தாளி இல்லன்னு சொன்னேல்ல. நீயே ஊத்து."

அவன் அவளுக்கு ஊற்றினான். என்னைத் தரையிலிருந்து எழுப்பி உட்காரவைத்து எனக்கும் ஊற்றினான். அன்றைக்கு எனக்கு அது முதல் கோப்பை. கற்கண்டு வெடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குடித்தேன். பாலாடையை அவன் ஓரமாகத்தான் விட்டிருந்தான், சரியாகச் செய்திருந்தான். குடித்து முடித்ததும் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டேன்.

இரண்டு பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னடி, கோவமா?" என்றாள் ஸ்வான்ட்யே.

வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். க்ளிக் என்று கேட்டது. போகுமுன் கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.